கடலுக்கடியில் போட்ட தோப்புக்கரணம்

பிள்ளையாரை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு வணக்கம். நடுக்கடலில் பிள்ளையாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இதை முழுசாகப் படிக்க வேண்டும்.

போன மாசி மாதம் நான் மிகவும் மனம் உடைந்து கிடந்தேன். எங்கள் ஒரே மகள் ரேவதி, பாண்டிச்சேரியில் முகிலன் என்ற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். வேலை என்ன என்று கேட்டேன். ஸ்கூபா டைவிங் பயிற்சி தருபவனாம். முதுகில் சிலிண்டரைக் கட்டி, ஆட்களைக் கடலுக்குள் இறக்கி, மீன் காட்டி, மறுபடி மேலே கொண்டு வருவானாம். நாங்கள் நெமிலிச்சேரியில் பரம்பரையாக நெல் போட்டவர்கள். இப்போது என் வீட்டுக்காரர் திருமழிசையில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறார். எங்கள் வம்சத்தில் யாரும் ஏரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா? நாளைக்கு உன்னையும் தண்ணிக்குள்ள இட்டுகினு போய் உட்டுட்டு வந்துடுவான்" என்று அழுதேன்.

ரேவதி அசரவில்லை. "ஒரு தபா அவருகூட எறங்கிப் பாரும்மா. அப்பால நீ வேணான்னு சொன்னா நான் கேட்டுக்கிறேன்" என்றாள்.

வீம்பில் சரி என்று சொல்லிவிட்டேன். நேராகத் தெருமுனைப் பிள்ளையாரிடம் போனேன். "அப்பனே, அந்தப் பையன் நல்லவனா இல்லையான்னு நீதான் காட்டணும்" என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும், ஸ்கூட்டி கிளம்பாவிட்டால்கூட, உடனே கையை மாற்றி இரண்டு காதையும் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டுவிடுவேன். அன்றும் போட்டேன்.

குறித்த நாள் சங்கடஹர சதுர்த்தியாக அமைந்தது. முகிலன் முதல் நாளே போன் செய்து, "வெறும் வயித்தோட வராதீங்கம்மா, காலையில ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க" என்றான். விரதத்தை விடச் சொல்ல இவன் யார் என்று எனக்குக் கோபம். அருகம்புல் சாற்றை மட்டும் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய், கரையில் நின்று மடமடவென்று குடித்தேன்.

ஆழமில்லாத தண்ணீரில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். ஆழம் போகப் போகக் காது அடைக்கும். வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போன படகு, நங்கூரம் போட்டு நின்றதும் ஆட ஆரம்பித்தது. நின்ற இடத்தில் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. குடித்த அருகம்புல் அத்தனையும் பச்சையாக வெளியே வந்தது. படகோட்டியே ஒரு நிமிடம் பயந்துவிட்டார். துணைக்கு வந்த என் வீட்டுக்காரர் கையில் வடையோடு, "இன்னாமே, கலர் கலரா வாந்தி எடுக்கிற? பேசாம திரும்பிடலாம். நான்லாம் இங்கயே குந்திகினு கீறேன்" என்றார்.

முகிலன் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தான். இஞ்சி மிட்டாய் கொடுத்தான். "தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்ட மட்டும் பாருங்கம்மா. வேணாம்னா இப்பவே கரைக்குப் போயிடலாம், இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல" என்றான். சாப்பிடாமல் ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயிறு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு நானே இறங்குகிறேன் என்றேன்.

கொஞ்ச ஆழம் போனதும் இரண்டு காதிலும் ஊசி குத்தியது போல வலி. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. அவன் சொல்லிக்கொடுத்த சைகையெல்லாம் அருகம்புல்லோடு போய்விட்டிருந்தது. நினைவிருந்தாலும், வருங்கால மாப்பிள்ளை முன்னால் வலிக்கிறது என்று காட்ட என் ரோஷம் விடாது. வாயில் குழாய். கத்தவும் முடியாது. செத்தோம் என்றே நினைத்தேன். பிள்ளையாரப்பா, நீயே கதி.

கை தானாகப் போனது. வலது கை இடது காதை, இடது கை வலது காதைப் பிடித்தது. முட்டியை மடக்கி, தண்ணீருக்குள் ஒரு தோப்புக்கரணம் போட்டேன்.

இரண்டாவது போட விடவில்லை. பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த முகிலன் என் தோளைப் பிடித்து மெதுவாக மேலே ஏற்றி நிறுத்தினான். வலி குறைந்தது. தலையைச் சாய்த்து மறுபடி மெல்ல ஊதச் சொல்லிச் செய்து காட்டினான். ஊதினேன். களுக்கென்று ஒரு காது திறந்தது, பிறகு இன்னொன்று. அதன் பிறகுதான் கீழே இறக்கினான். சுற்றிலும் மஞ்சள் மீன்கள். ஆனால் நான் பார்த்தது அவனைத்தான். அவன் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வாய் திறக்காமலே என் வலியைக் கண்டுபிடித்தவன், என் மகளின் வலியையும் கண்டுபிடிப்பான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

படகில் ஏறியதும் முகிலன், "காது வலின்னு சரியா காட்டிட்டீங்கம்மா. ஆனா கையை மாத்திப் பிடிச்சு குனிஞ்சீங்களே, அது யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டான்.

"எங்க தெருமுனையில ஒருத்தர் கீறாரு. ஊட்டுக்கு வாங்க மாப்ள, காட்டுறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த வடை கடலில் விழுந்தது.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதல் பத்திரிகையைப் பிள்ளையாருக்குத்தான் வைத்தோம். மாப்பிள்ளை எங்கள் தெருமுனையில் நின்று, முழுசாகக் குந்தி எழுந்து தோப்புக்கரணம் போட்டார். இப்போது பாண்டிச்சேரி போகும்போதெல்லாம் நானும் கடலில் இறங்குகிறேன், விரதமில்லாத நாளாகப் பார்த்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, வாய் விட்டுச் சொல்ல முடியவில்லையே என்று தவிக்காதீர்கள். காதைப் பிடியுங்கள். பார்க்க வேண்டியவர் கண்ணில் அது படும்படி பிள்ளையார் பார்த்துக்கொள்வார்.