மாடி வீட்டுக்குப் போகாத பதினான்கு வரிகள்

எங்கள் அக்கா திருவாரூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில், வயல்கூலிக்குப் போன குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தெருவில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர் அவர்தான். எடுத்த பாடம் ஆங்கில இலக்கியம். "அது சோறு போடுமாடி?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.

அக்கா இறுதித் தேர்வுக்குப் படித்த வருடம் கூலிப் பேச்சுவார்த்தை முறிந்து அறுவடை நின்றுபோயிருந்தது. அப்பா விவசாயச் சங்கத்தில் முன்னால் நின்றவர். தெருமுனையில் போலீஸ் வேன். வேலையில்லாமல் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். அக்காவுக்கோ சத்தம்போட்டுப் படித்தால்தான் தலையில் ஏறும். பாடத்தில் இருந்த பழைய ஐரோப்பியக் காதல் கவிதையை ஒப்பித்துவிட்டு, பொருளைத் தமிழிலும் சொல்லிப் பார்ப்பார்: "நீ உயரத்தில் இருக்கிறாய். நான் கீழே வாடுகிறேன். ஒருமுறையாவது திரும்பிப் பார்."

எங்கள் ஊரில் உயரத்தில் இருந்தது ஒரே வீடு, மிராசுதாரின் மாடி வீடு. அவருடைய மகன் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தான். வேறென்ன வேண்டும்? பொழுது சாய்வதற்குள் தெருக்காரர்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சங்கத்தில் பேசுவதெல்லாம் அக்கா வழியாகத்தான் மாடி வீட்டுக்குப் போகிறது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா, "காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று புத்தகத்தைப் பிடுங்கிப் பரணில் போட்டார்.

அக்கா அழவில்லை. சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் முன்னால் வந்து நின்றார்.

"மொத்தமே பதினாலு வரிதாம்ப்பா. முதல் எட்டு வரியில தன் கஷ்டத்தைச் சொல்லுவான். அதுக்கப்புறம் பேச்சு வேற பக்கம் திரும்பும், மீதி ஆறு வரியில மனசைத் தேத்திக்குவான். எழுதினவன் செத்தே நானூறு வருஷம் ஆவுது."

"அந்தப் பொண்ணு என்னம்மா பதில் சொல்லுது?" என்று கேட்டார் ஒருவர்.

"அதை எங்க பேச விட்டான் சித்தப்பா? அதைப் பத்தி அவனேதான் பேசிக்கிறான். இந்தத் தெருவுல என்னைப் பத்திப் பேசுற மாதிரி."

அப்பா எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா தேர்வு எழுதினார், ஆசிரியையும் ஆனார். ஆனால் பேச்சு ஓயவில்லை. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அதைக் கேட்டே திரும்பிப் போயின. அடுத்து வர இருந்தவர்களை அக்காவே வேண்டாம் என்றுவிட்டார். கடைசிவரை தனியாகவே இருந்து, தம்பி தங்கைகளான எங்களைப் படிக்கவைத்து ஆளாக்கினார்.

அக்கா நோயில் கிடந்தபோது முறைபோட்டுக்கொண்டு உடனிருந்த மாணவிகளுக்கும், இறுதிவரை தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கருமாதிப் பந்தியில், "பாவம், மாடி வீட்டுத் தம்பியை நெனச்சே இருந்துட்டுது" என்று ஒருவர் உச்சுக்கொட்டியது என் காதில் விழுந்தது. இந்த முதலாண்டு நினைவு மலர் அவர் கைக்கும் வரும். அவருக்கும் சேர்த்தே கைகூப்பிச் சொல்கிறேன்: எங்கள் அக்கா பரீட்சைக்குப் படித்தார். அவ்வளவுதான்.