எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில்

இது நடந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தபால்பெட்டி மூடி சத்தம் கேட்டால் இப்போதும் எனக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது.

மருமகனை யாழ்ப்பாணத்திலிருந்து மகள்தான் கூப்பிட்டாள். அவள் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவள். மனைவியின் பொறுப்பில் வந்தவருக்கு வதிவிட அனுமதி கொடுக்கும் முன், கலியாணம் உண்மையானதுதானா என்று அறிய வெளிநாட்டவர் அலுவலகம் கடிதம் போட்டு இருவரையும் கூப்பிட்டிருந்தது. தனித்தனி அறைகளுக்குள் அழைத்துப் போனார்கள். நான் நடைவழியில் இரண்டு பேருடைய குளிர்ச்சட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பதில்கள் பொருந்தாவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் மகள் இருந்த அறையின் கதவு திறந்தது. அதிகாரிப் பெண் என்னை உள்ளே வரச் சொன்னார்.

மகளின் முகம் சிவந்திருந்தது. "அம்மா, இவர் கலியாண நாள் எண்டு தை மாதத்தைச் சொல்லிப்போட்டார். நான் எழுத்து நடந்த நாளைச் சொன்னன்."

எங்கள் ஆட்களுக்கு எழுத்து ஒன்று, தாலி ஒன்று. எழுத்து என்பது பதிவாளருக்கு முன்னால் கையெழுத்துப் போடுவது. அதை யாழ்ப்பாணத்தில் முடித்துவிட்டுத்தான் விசாவுக்குக் கொடுத்தோம். அவர் ஐப்பசியில் இங்கே வந்து இறங்கினார். தாலி கட்டியது தை மாதத்தில், ஊன்ட்றொப் கோயிலில். நகரசபையில் அவருக்குப் பதிந்த முகவரி எங்கள் வீடு. ஆனால் தாலி ஏறும் வரைக்கும் அவர் ஹம் நகரத்தில் என் தங்கை வீட்டில்தான் படுத்தெழும்பினார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். இதையெல்லாம் அப்படியே அதிகாரியிடம் சொன்னேன்.

"சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. ஒரே வீட்டில் இருக்க வேண்டாம் என்று யார் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை" என்றேன் ஜெர்மனில்.

அதிகாரி மகளைப் பார்த்தார். "அப்படியானால் அந்த மாதங்களில் நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்துக்கொண்டீர்கள்?"

மகள் குனிந்துகொண்டு, "அம்மா வெளியில நிண்டால் சொல்லுவன்" என்றாள் தமிழில்.

"ஏன், நான் கேக்கக்கூடாத கதையோ?"

"ஐயோ அம்மா!"

பிறகு ஜெர்மனில் சொன்னாள். மொழி வகுப்பு முடிந்து அவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் சாப்பாடு போட்டு, மறுநாள் மதியத்துக்கும் கட்டிக் கொடுத்து ரயிலுக்கு அனுப்புவேன். அவள் வழியனுப்பப் போவாள். அவள் திரும்பி வரப் பிந்தினால் ரயில் பிந்திவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ரயில் பிந்தவில்லையாம். வந்த ரயிலைப் போகவிட்டு, அடுத்ததையும் விட்டுவிட்டு, மேடையின் கடைசி வாங்கில் குந்தியிருப்பார்களாம். அவளுடைய ஒரு சோடிக் கையுறையை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டு, மற்றக் கைகளை அவருடைய சட்டைப் பைக்குள் ஒன்றாக வைத்திருப்பார்களாம். நான் கட்டிக் கொடுத்த இடியப்பத்தையும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டுவிடுவார்களாம்.

சாப்பாடு எப்படி என்று நான் ஒவ்வொரு நாளும் கேட்பேன். "நல்லாயிருந்தது மாமி" என்பார். பாவம், அந்த மதியங்களில் என்னத்தைச் சாப்பிட்டாரோ.

அதிகாரி எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். நானும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அவளுடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு காலம் நான் சோறு போட்டுப் பிரித்து வைத்த பிள்ளைகள், எனக்குத் தெரியாமல் பனிக்குள் இருந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். "ரயில், கையுறை, சாப்பாடு. உங்கள் மருமகனும் இதையேதான் சொல்லியிருக்கிறார்" என்றார். "இதை மாமியிடம் சொல்ல வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சியிருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள்."

இல்லாத இடத்தில் பதிந்தது பிழை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மூன்று வருட அனுமதிக்கு அட்டை எடுக்கலாம் என்றார். நிரந்தர வதிவிடத்தை அதற்குப் பிறகு பார்க்கலாமாம்.

நடைவழிக்கு வந்ததும் அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டேன். மருமகன் அடுத்த அறையிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"மாமி, அது வந்து..."

"ஒண்டும் சொல்லவேண்டாம் தம்பி. வந்து இருங்கோ. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

அதுவரை மரியாதைக்கு என் முன்னால் கதிரையில்கூட இருக்காதவர், என் பக்கத்தில் வந்து இருந்தார். அவருக்கு அந்தப் பக்கம் மகள் இருந்தாள். முறைக்குக் காத்துக்கொண்டு நின்றவர்கள் எங்கள் கதிரைகளைப் பார்த்தார்கள். நாங்கள் எழும்பவில்லை.