குழந்தைகள் தூங்கும் நேரம்

திருவையாறு பக்கம் நடவுக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காகக் காப்பகங்கள் நடத்தும் அறக்கட்டளை அது. அதன் தலைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உருவம், இழுத்துச் செருகிய நூல் சேலை. எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் உடனே நுழையமாட்டார். வாசலில் நின்று காது கொடுப்பார். அழுகை கேட்டால் பதறமாட்டார். சத்தமே இல்லையென்றால்தான் வேகமாக உள்ளே போவார்.

அந்தக் காப்பகங்களில் ஒன்றில் நான் ஆசிரியை. என் மகளும் அங்கேதான் இருந்தாள். அடுத்த வருஷச் செலவை ஏற்பதாகச் சொன்ன நன்கொடையாளர்கள் ஒருநாள் காலையில் வருவதாக இருந்தது, மதியம்தான் வந்தார்கள். குழந்தைகள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். வரவேற்புப் பாட்டுக்காக எழுப்ப ஓடினேன். முதலில் என் மகளைத்தான் தொட்டேன். அவள் நன்றாகப் பாடுவாள்.

"யாரையும் எழுப்பாதே," என்றார், அவர்களை வரவேற்க வந்திருந்த அக்கா.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? காப்பகத்தையே மூட வேண்டி வருமேக்கா."

"போனா வேற ஆள்கிட்ட கேக்கறேன். இத்தனை வருஷமா வேற என்ன பண்றேன்? ஒன் வீட்டுக்கு ஆள் வந்தா தூங்கற புள்ளைய எழுப்பிப் பாடச் சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றுதான் தோன்றியது. மகள் மேலிருந்து கையை எடுத்தேன்.

வந்தவர்களுக்கு வாசலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். வேளாங்கண்ணி போகும் அவசரத்தில் அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பணம் வரவில்லை. பட்டுக்கோட்டை தேங்காய் மண்டிகள் வரை அலைந்து, பல மாதங்கள் கேட்டுக் கேட்டுத்தான் அக்கா அதை ஈடுகட்டினார். காப்பகம் மூடவில்லை.

அவர் செய்தது சரிதானா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மாதங்களில் எனக்குச் சரியான தூக்கமில்லை. அவர் தூங்கினாரா என்று நான் கேட்டதில்லை.