டாலிகஞ்சில் ஒரு வெள்ளைக் கார்

கிளப் நோட்டீஸ் போர்டில் இதை இன்றைக்கே ஒட்டிவிடுகிறேன். நாளை வரை பொறுத்தால் என் மனைவி வேறு மாதிரி சொல்லிவிடுவாள்.

டாலிகஞ்சில் ஒரு காண்ட்ராக்டர் பழைய கார் விற்கிறார் என்று காலையில் இருவரும் பார்க்கப் போனோம். வண்டி பளபளவென்று வெள்ளையாக நின்றது.

"எங்கேயாவது அடிபட்டதா?" என்றேன்.

"மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வந்து இறங்கின நாள்லேர்ந்து நான்தான் சார் ஓட்டறேன். இந்தத் தீவுல மோதணும்னா எதிர்ல இன்னொரு வண்டி வரணுமே!"

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தேன். வண்டி தானாக இடப்பக்கம் இழுத்தது. ஒரு வளைவில் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால்தான் பிரேக் பிடித்து நின்றது.

"பிள்ளைங்களையும் இதுலதான் ஏத்தப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ரோடு சாய்வு, மேடம்" என்றார் காண்ட்ராக்டர்.

அங்கே டீக்கடை வைத்திருக்கும் வங்காளி ஓடிவந்து பானெட்டைத் தட்டினார். "அரே, பேட்வாலி காடி! டீக் ஹோ கயா?"

மரத்தில் மோதின வண்டி சரியாகிவிட்டதா என்று அன்பாகத்தான் விசாரித்தார். மரத்தையும் காட்டினார். அந்த வளைவிலேயே நின்ற பெரிய படாக் மரம். பட்டை உரிந்த இடத்தில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"அது வேற வண்டி, சார்" என்றார் காண்ட்ராக்டர்.

மனைவி கார் கதவைத் திறந்து கீல் இடுக்கைக் காட்டினாள். வெள்ளை அடிக்க மறந்த அதே நீலம்.

எதிரே வண்டி வராது என்றுதான் சொன்னார். மரம் வராது என்று சொல்லவில்லையே!

கார் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கீல் இடுக்கைப் பார்க்க ஆள் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறாள்.