சிமென்ட் யானைக்கு வைத்த வாழைப்பழம்

தொண்ணூற்று மூன்றில், பொங்கல் லீவுக்கு ராஜபாளையத்திலிருந்து என் நாத்தனாருடன் செண்பகத்தோப்புக்குப் போனேன். காட்டோரம் ஏற்றமில்லாத நடைபாதை. வழிநெடுக மான், கரடி என்று சிமென்ட் சிலைகள். யானைச் சிலையைக் கண்டதும் நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"மதினி, இது சும்மா வேடிக்கைக்கு வச்ச பொம்மை" என்றேன்.

"தும்பிக்கை இருக்குல்லா? பொறவு என்னட்டி பொம்மை?"

குங்குமம் வைத்து, நாங்கள் தின்னக் கொண்டுபோன ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் அதன் காலடியில் படைத்துவிட்டார். பசியோடு நின்றேன்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்த மூங்கில் புதர் விலகி, நிஜத் தும்பிக்கை ஒன்று பழத்தை நோக்கி நீண்டது. பதறிப்போய் அவர் கையை இழுத்தால், அசையாமல் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

"பிள்ளையாரே வந்துட்டாருட்டி, கும்பிட்டுக்கோ."

அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி, வனத்துறைச் சோதனைச் சாவடியில்தான் நின்றேன். அவருக்கோ செருப்பு போன கவலை.

அடுத்த பொங்கலுக்குக் கிளம்புமுன் அவர் பையைச் சோதித்து, பழத்தையெல்லாம் வீட்டிலேயே எடுத்து வைத்தேன். போய்ப் பார்த்தால், சிமென்ட் யானைக்கு யாரோ புது வேட்டி கட்டி, முன்னால் சீப்புச் சீப்பாகப் பழம் வைத்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் யானை வரை போகாமல், அதற்கு முன்னாலுள்ள கரடிச் சிலையிலேயே திரும்பிவிடுகிறேன். என் நாத்தனார் பையைச் சோதிக்கலாம். ஊரிலுள்ளவர்களின் நாத்தனார் பையையெல்லாம் நான் எங்கே போய்ச் சோதிப்பது?