நரிக்கு நட்ட குச்சி

வில்லரே என்கிற பிரெஞ்சு பேசும் பேட்டையில் ஒரு தெருமுனைக் கடையில் நிற்கிறேன். சென்னைக்குப் பேச டெலிபோன் கார்டு வேண்டும். கோடை முழுக்க வடதுருவப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு கரைப்பறவைகளின் முட்டைகளை எண்ணிவிட்டு இன்று காலைதான் வந்து இறங்கினேன். ‘போன்ஜூர்’ என்று வரவேற்ற கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் கதையைக் கேட்டுவிட்டு கொசுக்கடியில் வீங்கிய என் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

“நுளம்பு நல்லாக் கடிச்சிருக்கு. எத்தினை குஞ்சு பொரிச்சது தம்பி?”

“ஒண்ணுகூட இல்லண்ணா. பனி லேட்டா உருகுச்சு. நரி வழக்கமா எலியைத்தான் தின்னும். இந்த வருஷம் எலி கம்மி, முட்டைக்கு வந்துடுச்சு.”

“அவ்வளவு பெரிய வெளியிலை நரி எப்பிடிக் கூட்டைக் கண்டுபிடிக்குது?”

நியாயமான கேள்விதான். முட்டை மண்ணோடு மண்ணாக இருக்கும். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மறுநாள் எங்களுக்கே கிடைக்காமல் போய்விடும் என்று ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் துணி கட்டிய குச்சி ஒன்று நட்டிருந்தோம். அதையும் சொல்கிறேன்.

நீட்டிய கார்டோடு அவர் கை அப்படியே நிற்கிறது.

“ஓம், பேந்தென்ன! நரிக்கு வீட்டு விலாசம் குடுத்திட்டெல்லோ வந்திருக்கிறியள்!”

அறிவியல் தெரியாதவர். கார்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறேன். பையில் அறிக்கை தயாராக இருக்கிறது. குஞ்சு பொரிக்காததற்குக் காரணம் இரண்டு: வானிலை, நரி. கடைசிப் பக்கத்தில் அடுத்த வருடத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை: தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, இன்னும் உயரமான குச்சிகள்.