ஓடிப்போனவன் என்று எழுதப்பட்ட என் அண்ணனை மாரியம்மா ஊர் சேர்த்தாள்

வீரமணி அண்ணே! எல்லோரும் அம்மன் பேரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். நான் உன் பேரைச் சொல்லித் தொடங்குகிறேன். மாரியம்மா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவளுக்கும் எனக்கும் ஏற்கெனவே சண்டைதான்.

விளக்கு பூஜைக்கு வருகிற அக்காமார்களே, அம்மாமார்களே, என் பேர் செல்வி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முத்துப்பேட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அப்பா இல்லை. அண்ணன் கடலுக்குப் போவான், அம்மா மீன் விற்பாள், நான் கூடைக்கு ஐஸ் போடுவேன். இதில் பிழையாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டாம். அது தெரிந்தேதான் எழுதினேன்.

புயலில் எங்கள் ஃபைபர் போட் இரண்டாகப் பிளந்துபோனது. அதற்குப் பிறகு அண்ணன் ஊரார் போட்டில் ஏறித்தான் பிழைத்தான். ஒரு நாள் வேலை இருக்கும், மறுநாள் இருக்காது. அப்போதுதான் வெளிநாட்டு விசா பேச்சு வந்தது. அரபு நாட்டில் ஒரு போட் முதலாளி தன் பேரில் விசா எடுத்து மீன்பிடிக்க ஆள் கூப்பிடுகிறான், அவன்தான் ஸ்பான்சர், எல்லாம் முறைப்படி நடக்கும் என்று ஏஜென்ட் பாஸ்கர் சொன்னான். அண்ணன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். மெடிக்கலுக்குத் திருச்சி போய் வந்தான். போட்டோ சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எடுத்தான். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மாவுக்கு விளக்குப் போட்டேன். "விசாவைக் குடு தாயே" என்று கேட்டேன்.

கொடுத்தாள். போன வருஷம் ஆடியில் விசா வந்தது. எங்கள் ஊரில் விசா வந்தால் அந்தத் தாளை அம்மன் காலடியில் வைத்து, பூசாரி மாமா குங்குமம் வைத்துக் கொடுத்த பிறகுதான் பையில் வைப்போம். அப்படியே செய்தோம். நான் மாவிளக்குப் போட்டேன். நான் வேண்டியதால்தான் விசா வந்தது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். 

கிளம்புவதற்கு முன்னால் ஏஜென்ட் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினான். பெட்டி இவ்வளவு கனம்தான் இருக்கணும், ஏர்போர்ட்டில் இப்படிப் பேசணும், கருவாடு கொண்டுபோகக் கூடாது என்று சொன்னான். வீட்டுக்கு வந்து அண்ணன் சிரித்தான்.

"ஏய் செல்வி, கருவாட்டுக்கு விசா இல்லையாம்டி. எனக்கு மட்டுந்தானாம்."

"நீயும் கருவாடு மாதிரிதானே இருக்க. ரெண்டு பேரும் போங்க."

"போறன்டி. போயி ஆளா திரும்பி வரேன் பாரு."

கருவாட்டைப் பற்றிச் சொன்ன அந்த ஏஜென்ட் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அங்கே ஸ்பான்சர் போட்டைத் தவிர வேறு எந்தப் போட்டில் ஏறினாலும் குற்றம். அதைச் சொல்லவில்லை.

எங்கள் கரையில் அது குற்றம் இல்லை. பக்கத்துப் போட்டில் ஒரு ஆள் காய்ச்சலில் படுத்தால், சும்மா நிற்கிறவன் ஏறிப் போவான். கூப்பிடக்கூட வேண்டாம், கையைக் காட்டினால் போதும். நாளைக்கு நமக்கு ஆள் குறைந்தால் அவன் வருவான். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்வது.

மார்கழியில் அண்ணன் வேலை பார்த்த போட்டைப் பழுது பார்க்கக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அவன் சும்மா இருந்தான். பக்கத்தில் வேறொரு முதலாளியின் போட். அதில் ராமேஸ்வரம் பக்கத்து அந்தோணி அண்ணன் தலைமையில் ஆட்கள். ஒரு ஆள் குறைந்தது. அந்தோணி அண்ணன் கையைக் காட்டினார். என் அண்ணன் ஏறிவிட்டான். வலையை இழுக்கும்போது வின்ச் கயிறு அறுந்து தலையில் அடித்தது. கரைக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தோணி அண்ணன்தான் போன் பண்ணினார். அழுதார். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு போட்டும் கடலில் இறங்கவில்லை. சாவு விழுந்தால் அடக்கம் ஆகும்வரை இறங்காதது எங்கள் வழக்கம். உடம்பு வர நாளாகும் என்று தெரிந்ததும் அம்மாவே பஞ்சாயத்தாரிடம் போய், "புள்ளைங்க பட்டினி கெடக்க வேணாம், தொழிலுக்குப் போங்க" என்றாள்.

பிறகு தெரிந்தது, உடம்பு வரவே வராது என்று. ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டால்தான் அனுப்புவார்களாம். அந்த ஸ்பான்சர் என்ன செய்தான் தெரியுமா? இழப்பீடு கேட்பார்களோ என்று பயந்து, அண்ணன் இறந்த பிறகு போய், என் ஆள் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். செத்துக் கிடக்கிறவன் எங்கே ஓடுவான்? அந்த இன்னொரு முதலாளியோ, என் விசாவில் வந்தவன் இல்லை, எனக்கு அவனைத் தெரியாது என்றுவிட்டான். அண்ணன் ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் கிடந்தான். மீனுக்கு ஐஸ் போடுகிற கை என் கை. அதற்குப் பிறகு ஐஸை என்னால் தொட முடியவில்லை.

நானும் அம்மாவும் ஏஜென்ட் ஆபீசுக்குப் போனோம். அவன் உட்காரச் சொல்லவில்லை.

"ஏம்மா, உங்க பையன் எதுக்கு அடுத்தவன் போட்டுல ஏறுனான்? ஸ்பான்சர் போட்டத் தவிர எதுலயும் கால் வைக்கக் கூடாது. அது ரூல்ஸ்."

"அத நீங்க எப்ப சொன்னீங்க?" என்றேன்.

"இதெல்லாமா சொல்லுவாங்க? படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கருவாட்டச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல?"

"இந்தா, வாய் பேசாத. நான் விசா வாங்கிக் குடுத்தேன், ஏத்தி வுட்டேன். அதோட என் வேல முடிஞ்சுது."

அம்மா அப்போதுதான் கேட்டாள். "தம்பி, பக்கத்துப் போட்டுக்கு ஆள் கொறையிறப்ப கரையில நின்னு வேடிக்க பாக்கவா நான் புள்ள பெத்தேன்?"

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். எங்களை அப்படியே நிற்கவிட்டு யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினான்.

கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். அங்கே போ, இங்கே போ என்று அனுப்பினார்கள். எல்லாரும் கடைசியில் ஒன்றுதான் சொன்னார்கள், ஸ்பான்சர் கையெழுத்து வேண்டும். எங்கோ கிடக்கிற ஒருத்தன், முகம்கூடத் தெரியாதவன், அவன் பேனாவில் என் அண்ணன் தொங்கினான்.

தையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். "விசா கேட்டேன், குடுத்தல்ல? என் அண்ணன் உசுரக் கேக்காமலே எடுத்தல்ல? ஒடம்பையாச்சும் குடுடி! அவன் வர்ற வரைக்கும் உனக்கு வெளக்கு கெடையாது. பூ கெடையாது. நீ இருட்டுலயே கெட!"

பூசாரி மாமா ஓடி வந்தார். "ஏய், சாமியப் போயி வாடி போடிங்கறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"நான் அவளத்தானே திட்டுறேன் மாமா? உங்களுக்கு ஏன் வலிக்குது?"

அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி திட்டினேன். குரல் போகும்வரை திட்டினேன். அக்காமார்களே, அதுதான் என் பிரார்த்தனை. வேறு பிரார்த்தனை எனக்கு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா போனில் இருந்தாள். அந்தோணி அண்ணன் வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவார். ஏறச் சொல்லிக் கையைக் காட்டியது நான்தானே என்று அழுவார். அவர் பேசியது எனக்கும் கேட்டது. அம்மா சொன்னாள்:

"தம்பி, அழுவாத. ஒன்னு கேக்கறேன். எங்க ஊர்ல சாவு விழுந்தா அடக்கம் ஆவுற வரைக்கும் ஒரு போட்டும் எறங்காது. புள்ளைங்க பசிக்குதேன்னு நான்தான் போவச் சொன்னேன். அங்க என் புள்ள ஐஸ்ல கெடக்கான். எல்லா போட்டும் எறங்குதா?"

அந்தோணி அண்ணன் அழுகையை நிறுத்தினார். 

"எங்க ஊர்லயும் எறங்காதும்மா," என்றார். போனை வைத்துவிட்டார்.

என் அம்மா அதிர்ந்து பேசாதவள். அவள் வாயில் அந்தக் கேள்வியை வைத்தது யார்? நான் கம்பிக் கதவை உலுக்கிவிட்டு வந்த அதே மத்தியானத்தில்? நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அண்ணன் வேலை பார்த்த துறைமுகத்தில் தமிழ் ஆள் ஒருத்தரும் போட்டில் ஏறவில்லை. நாகப்பட்டினத்துக்காரர், ராமேஸ்வரத்துக்காரர், கன்னியாகுமரிக்காரர், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே அது சின்ன விஷயம் இல்லை. எல்லோர் பாஸ்போர்ட்டும் முதலாளிமார் கையில். போலீஸ் வந்தது. முதலாளிமார் வந்து கத்தினார்கள். அந்தோணி அண்ணன் அரைகுறை அரபியில் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். "எங்க ஊரு வழக்கம். எங்க ஆளு போவணும். அப்பறம் கடலு."

இறால் சீசன். போட்டெல்லாம் கட்டிக் கிடந்தது. மற்ற முதலாளிமார் சேர்ந்து அந்த ஸ்பான்சரைப் பிடித்துத் திட்டியிருக்கிறார்கள், உன் ஒரு கையெழுத்தால் எங்களுக்கு நஷ்டம் என்று. இரக்கப்பட்டுச் செய்யவில்லை. இறாலுக்காகச் செய்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அவன் புகாரைத் திரும்ப வாங்கினான். கையெழுத்துப் போட்டான்.

"தங்கச்சி, போட்டுட்டான்!" என்று அந்தோணி அண்ணன் போனில் கத்தினார். "வீரமணி வாரான்! நாங்க இன்னும் ஏறல. பிளைட்டு மேல போனப்பறந்தான் ஏறுவோம்."

திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கினோம். தஞ்சாவூர், மன்னார்குடி வழியாக ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தவர்கள் சைரன் கேட்டு ஓடிவந்து நெல்லை ஒதுக்கி வழி விட்டார்கள். அன்றைக்கும் எங்கள் ஊரில் போட் இறங்கவில்லை. அண்ணனைக் கடல் தெரிகிற இடத்தில் அடக்கம் செய்தோம். சாயங்காலம் கோயிலுக்குப் போய் விளக்கு ஏற்றினேன். நன்றி என்று ஒரு வார்த்தைதான் வந்தது. மற்றதெல்லாம் அழுகை.

மாரியம்மாவுக்கு நன்றி சொல்கிறேன். கோபமும் போகவில்லை. நன்றி சொல்கிற அதே வாயில்தான் திட்டும் வருகிறது. அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு இருக்கிறாள்.

இப்போது வெள்ளிக்கிழமையில் யாராவது விசாத் தாளைக் கொண்டுவந்தால் பூசாரி மாமா குங்குமம் வைப்பதில்லை. "மொதல்ல செல்விகிட்டப் பேசிட்டு வா" என்கிறார். நான் கேட்கிறேன். ஸ்பான்சர் யார்? யார் போட்? அடுத்த போட்டில் ஆள் குறைந்தால் ஏறலாமா, கூடாதா? ஏஜென்டை நேரில் கேட்டாயா? கேட்டுவிட்டு வா. எனக்கு வாயாடி என்று பேர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்து, அழகாகக் கும்பிட வராவிட்டால், என்னைப் போலத் திட்டுங்கள். ஆனால் அவளிடம் போய்த் திட்டுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து புழுங்காதீர்கள். அவள் தாங்குவாள்.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். போட்டுகளை நிறுத்திய அந்தோணி அண்ணனை அவருடைய முதலாளி இன்னும் போட்டில் ஏற்றவில்லை, ஊருக்கும் அனுப்பவில்லை. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறான். அவர் சாமி வேறு. அதனால் என்ன? என் அண்ணனை அனுப்பிவிட்டு அவர் அங்கே நிற்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது, அந்தோணி வீடு திரும்பணும் என்று சொல்லுங்கள். அப்புறம் திரியைத் தூண்டிவிட்டு, வீரமணி என்று என் அண்ணன் பேரையும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லி, அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.